கட்புலனாகாக் கயிறு

எமது கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதியனுப்புமாறு மலர்க்குழுவினர் வரைந்த மடல் எம்மை வந்தடைந்தபோது, நாம் வீட்டின் பின்புறத்துக் கொட்டிலில் அமர்ந்து ஒரு விளையாட்டு விமானத்தின் வாற்பலகைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தோம். மடலை மேசைமேல் வைத்துவிட்டுப் பசை உலரும் வரை காத்திருந்தோம். காத்திருந்த நேரத்தில் எதைப் பற்றி எழுதுவது என்பதும் முடிவாயிற்று.

கல்வி, சமயம், பொதுப்பணி ஆகியன குறித்து எழுதத் தக்கார் எம்முட் பலர் உளர். எழுபது வயதைக் கடந்த எமக்கோ, வானொலி அலையால் இயக்கப்படும் சிறு விமானங்களைக் கட்டுவதும் பறக்கவிடுவதும் உடைந்தவற்றைத் திருத்தியமைப்பதுமே நாற்பது ஆண்டுகளாக நன்கு பழகிய காரியம். "தலை நரைத்த பின்னும் விளையாட்டா?" என நகைப்போர் நகைக்க. இவ்விளையாட்டினூடாக நாம் கற்ற பாடம் ஒன்று உண்டு. அப்பாடத்தின் தொடக்கம் எமது கல்லூரியின் ஆய்வுகூடத்தில் இருக்கின்றது. அங்கே நாம் தீர்க்காது விட்டுவந்த கடன் ஒன்றும் இருக்கின்றது. ஆதலின் இம்மலரே அதனை எழுதுதற்கு உரிய இடம் எனத் துணிந்தோம்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு வானூர்திக் கலையின் அரிச்சுவடி பட்டமே. வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் வீட்டுக்கு வீடு மூங்கில் சீவும் ஓசை கேட்கும். கொக்குப் பட்டம், பிராந்துப் பட்டம், எட்டுமூலைப் பட்டம், பெட்டிப் பட்டம் என எத்தனையோ வகை. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடைபெறும் பட்டப் போட்டியை இன்று உலகெங்கும் உள்ளோர் படங்களிற் பார்த்து வியக்கின்றனர். நாம் சிறுவராயிருந்த காலை அத்துணைப் பெரும் பட்டங்களைக் கட்டினோமல்லோம். ஆயினும், விண் பூட்டிய பட்டமொன்றை இரவில் ஏற்றி, கயிற்றைப் பனைமரத்திற் கட்டிவிட்டு, அது விடியும்வரை கூவுவதைப் பாயிற் படுத்தபடி கேட்ட இன்பத்தை இன்றும் மறந்தோமல்லோம்.

பட்டம் கட்டுவதிற் கடினமான பகுதி முச்சை கட்டுதலே. சட்டத்தைச் செம்மையாக வரிந்து, தாளை ஒழுங்காக ஒட்டியிருப்பினும், முச்சை பிழைத்தால் பட்டம் குத்துக்கரணம் போட்டு நிலத்தில் வீழும். முடிச்சை ஒரு விரற்கடை மேலே தள்ளினால் பட்டம் காற்றைக் குறைவாக ஏந்திப் படுக்கும். ஒரு விரற்கடை கீழே தள்ளினால் காற்றை அதிகமாக ஏந்தித் தத்தளிக்கும். இடப்புறம் சாய்ந்து சுற்றினால் எந்தச் சட்டம் பாரமென்று பார்க்க வேண்டும். தலை ஆடினால் வாலை நீட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது ஊர்ப் பெரியவர்கள் எமக்குக் கற்பித்த விதி. இரண்டை ஒருங்கே மாற்றியவனுக்குத் தன்னைத் திருத்தியது எதுவென்று ஒருபோதும் தெரியாது.

பட்டத்திலிருந்து கயிறில்லாப் பறவைக்கு எம் மனம் தாவியது 1964ஆம் ஆண்டில். அப்போது எமக்கு வயது பதினான்கு. முள்முருக்கங் கட்டையைப் பேனாக்கத்தியாற் சீவி உடலாக்கி, தடித்த மட்டைத்தாளை வெட்டி இறக்கையாக்கி, மூக்கில் மீன்வலையின் ஈயக்குண்டு ஒன்றை வைத்து, வழுகிச் செல்லும் விமானமொன்றைச் செய்தோம். சைக்கிள் ரியூப் றப்பர்ப் பட்டையால் இழுத்துவிட்டால் அது மைதானத்தில் நாற்பது, ஐம்பது யார் தூரம் செல்லும். வகுப்பில் எமது மதிப்பு அதனால் உயர்ந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மழை பெய்த ஒரு நாள் இடைவேளையில் அதனை ஆய்வுகூடத்தினுள் எறிந்தோம். அது நேரே சென்று, சுவரோரத்திற் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டிருந்த இரசாயனத் தராசின் முன்பக்கத்தை மோதிற்று. கண்ணாடி உடைந்ததோடு தராசின் கோலும் வளைந்தது. அவ்வேளை அருகில் நின்ற வகுப்புத் தோழர் ஒருவர், ஓடிச்சென்று விமானத்தை உடைந்த கண்ணாடித் துண்டுகளிடையேயிருந்து எடுத்தார். கதவைத் திறந்து உள்ளே வந்த ஆசிரியர் கண்டது அவர் கையிலிருந்த விமானத்தை.

"யாருடையது?" என்றார் ஆசிரியர். தோழர் வாய் திறக்கவில்லை. பிறரைக் காட்டிக்கொடுப்பது அவர் இயல்பன்று. வாய் திறந்திருக்க வேண்டியவர் நாம். நாமும் திறக்கவில்லை. ஆறு பிரம்படிகள் விழுந்தன. ஆறும் அவர் கையில் விழுந்தன. அத்தவணை முழுவதும் ஆய்வுகூடத்தினுள் அவர் நுழையலாகாது எனவும் விதிக்கப்பட்டது. எமது வகுப்பிற் கைத்திறன் மிக்கவர் அவரே; கண்ணாடிக் குழாயைச் சுடரிற் காட்டி வளைக்கும்போது அவர் விரல்கள் நடுங்கியதை நாம் கண்டதில்லை. அடுத்த ஆண்டு அவர் கலைப்பிரிவிற் சேர்ந்தார். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டோ என நாம் அவரைக் கேட்டதில்லை. கேட்கத் துணிவு இருந்ததில்லை என்பதே மெய்.

நிற்க.

1974ஆம் ஆண்டில் மேற்படிப்பின் பொருட்டு இங்கிலாந்து சென்ற நாம், படிப்பு முடிந்ததும் யோர்க்ஷயர்ப் பகுதியில் ஒரு தொழிற்சாலையின் வரைபட அறையிற் பணியேற்று அங்கேயே தங்கிவிட்டோம். 1983ஆம் ஆண்டு இளவேனிற் காலத்தில் ஒரு ஞாயிறன்று, ஊர்ப்புறச் சாலை வழியே செல்லுங்கால், வேலிக்கு அப்பாலிருந்த புல்வெளியின் மேல் வண்டுபோல் இரைந்துகொண்டு ஒரு சிறு விமானம் வட்டமிடக் கண்டோம். காரை நிறுத்தி இறங்கினோம். காற்றில் ஒரு மணம் வந்தது: ஆமணக்கெண்ணெய் மணம்! சிறு வயதில் மாதமொரு முறை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய அதே எண்ணெய். அவ்விமானங்களின் எந்திரங்களுக்கு மெதனோலோடு ஆமணக்கெண்ணெயைக் கலந்து ஊற்றுவர் என்பதைப் பின்னர் அறிந்தோம். வயிற்றுக்கு ஒவ்வாத எண்ணெய் எந்திரத்துக்கு உகந்ததாயிருத்தல் எமக்கு நகைப்பையும் ஒருவகை உறவுணர்ச்சியையும் தந்தது.

வேலியோரம் நின்ற எம்மை உள்ளே அழைத்தவர் ஒரு முதியவர். உலகப் போர்க் காலத்தில் விமானப்படையில் எந்திரம் பொருத்துநராய்ப் பணியாற்றி, ஓய்வு பெற்ற பின் இக்கலையைத் தொழிலாகவே கொண்டவர். அவரை இக்கட்டுரையில் 'பெரியவர்' என்றே குறிப்பிடுவோம். அவ்வாண்டே நாம் ஒரு பயிற்சி விமானத்தைக் கட்டி அவரிடம் மாணாக்கராய்ச் சேர்ந்தோம். ஐந்தடி இறக்கை, இரண்டரைக் கிலோ நிறை, பல்சா மரச் சட்டம், ஆறரைக் கன சென்ரிமீற்றர் எந்திரம்.

இது இயங்கும் விதத்தை இளைய வாசகர் பொருட்டுச் சுருக்கமாகக் கூறுவோம். நிலத்தில் நிற்பவர் கையிலுள்ள செலுத்துகருவியில் இரண்டு கோல்கள் உண்டு. ஒரு கோலை அசைத்தால், அவ்வசைவின் அளவு ஒரு மின்துடிப்பின் நீளமாக மாறி, வானொலி அலையிலேறிச் செல்கின்றது. துடிப்பின் நீளம் செக்கனின் ஆயிரத்தில் ஒன்றிலிருந்து இரண்டு வரை மாறும். செக்கனுக்கு ஏறத்தாழ ஐம்பது முறை அது புதுப்பிக்கப்படும். விமானத்தினுள் இருக்கும் பெறுகருவி அத்துடிப்பை வாங்கி, சேர்வோ எனப்படும் தீப்பெட்டியளவான மோட்டருக்குக் கொடுக்கும். ஆயிரத்தில் ஒன்றரை என்றால் சேர்வோவின் கை நடுவில் நிற்கும். குறைந்தால் ஒருபுறமும் கூடினால் மறுபுறமும் திரும்பும். அக்கை இழுக்கும் கம்பி, வாற்பலகையையோ சுக்கானையோ இறக்கையின் ஓரத்து மடலையோ அசைக்கும். இவ்வளவே சூட்சுமம். 1898ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் நிக்கோலா தெஸ்லா என்பார் வானொலியாற் படகொன்றைச் செலுத்திக் காட்டியதும், 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குட் என்னும் இரட்டைச் சகோதரர் தம் சிறு விமானத்தை அவ்வாறே பறக்கவிட்டதும் இச்சூட்சுமத்தின் முன்னோடிகளே.

சூட்சுமத்தை அறிதல் வேறு, பறக்கவிடுதல் வேறு. விமானம் எம்மைவிட்டு அப்பாற் செல்லும்போது இடக்கோல் இடப்புறம், வலக்கோல் வலப்புறம். அது திரும்பி எம்மை நோக்கி வரும்போது எல்லாம் தலைகீழாகும். எமது இடம் அதற்கு வலமாகிவிடும். தாழ்ந்துவரும் இறக்கையை உயர்த்த எண்ணி, மனம் சொன்னபடி கோலைத் தள்ளினால் அது மேலும் தாழ்ந்து நிலத்தை முத்தமிடும். "எந்த இறக்கை தாழ்கின்றதோ அந்தப் பக்கம் கோலைத் தள்ளும், தாழ்ந்த தோளுக்கு முட்டுக் கொடுப்பதாக எண்ணிக்கொள்ளும்," என்றார் பெரியவர். அவருடைய கருவியையும் எமது கருவியையும் ஒரு கம்பி இணைத்திருக்கும். நாம் தடுமாறும் கணத்தில் அவர் ஒரு விசையைத் தளர்த்த, விமானம் அவர் ஆளுகைக்கு மீண்டுவிடும். அந்தக் கம்பி இல்லாது தனியே பறக்கவிட எமக்கு ஒரு கோடைகாலம் முழுவதும் சென்றது.

பறக்கக் கற்றதும் திருத்தியமைக்கும் ஆசை பிறந்தது. பயிற்சி விமானத்தின் இரண்டு இறக்கைகளும் நுனியில் சற்று மேனோக்கி மடிந்திருக்கும். அம்மடிப்பே அதனைத் தானாகவே நிமிர்த்தும். நிமிரும் விமானம் கரணமடிக்க மறுக்கும். ஆதலின் மடிப்பைக் குறைத்தோம். அதனுடன் ஓர மடல்களை அகலமாக்கினோம். வாலின் நிமிர்பலகையை உயர்த்தினோம். ஊர்ப் பெரியவர்களின் பழைய விதியை மறந்து மூன்றையும் ஒரே வாரத்திற் செய்தோம். வாலிற் கூடிய பாரத்தால் புவியீர்ப்பு மையம் பின்னே நகர்ந்துவிட்டது. எழுந்ததும் மூக்கை வானுக்கு உயர்த்தி, நின்று, புரண்டு, புல்லில் விழுந்தது. "மூக்குப் பாரமான விமானம் மோசமாய்ப் பறக்கும், வாற்பாரமானது ஒரே முறை பறக்கும்" என்பது அத்திடலில் வழங்கும் பழமொழி. அதன் பிற்பாதியை நாம் மெய்ப்பித்தோம். இறக்கையின் அகலத்தில் முன்விளிம்பிலிருந்து கால் பங்குக்கும் மூன்றிலொரு பங்குக்கும் இடையே இரு விரல்களில் ஏந்திப் பார்க்கும்போது விமானம் சமனாய் நிற்க வேண்டும். முச்சை முடிச்சின் அதே ஒரு விரற்கடைக் கணக்குத்தான் இங்கும்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்வோம்.

அக்காலத்தில் பிரித்தானியாவில் இவ்விமானங்களுக்கு 35 மெகாஹேர்ட்ஸ் என்னும் மீடிறனை அடுத்த அலைகள் ஒதுக்கப்பட்டிருந்தன. பத்துக் கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் அமைந்த ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஓர் எண் உண்டு. கருவியிற் செருகும் சிறு பளிங்கே எண்ணைத் தீர்மானிக்கும். ஒரே எண்ணில் இருவர் ஒருங்கே செலுத்தினால், வானிலுள்ள விமானத்துக்கு எவர் சொல் கேட்பதென்று தெரியாது, அது விழும். இதனைத் தவிர்க்கத் திடலில் ஒரு பலகை நாட்டி, அதில் எண் பொறித்த மரக்கவ்விகளை மாட்டியிருப்பர். உடுப்பு உலர்த்தும் கயிற்றில் மாட்டும் அதே கவ்விதான். தன் எண்ணுக்குரிய கவ்வியை எடுத்துத் தன் கருவியில் மாட்டியவரே கருவியின் விசையைப் போடலாம். வானொலி அலைக்குக் காவல் ஒரு சதப் பெறுமதியான மரக்கவ்வி. அதற்குக் காவல் மனிதரின் ஒழுங்கு.

1986ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், எமது பளிங்குச் சோடி பழுதாகிவிட்டதோ என நாம் ஐயுற்றபோது, பெரியவர் தம்மிடமிருந்த மேலதிகச் சோடியை இரவல் தந்தார். அதன் எண் அவருடைய எண். ஒரு சனியிரவு அதனை எம் கருவியிற் செருகிச் சோதித்துவிட்டு, மீள மாற்ற மறந்து உறங்கிவிட்டோம். ஞாயிறன்று திடலுக்குச் சென்று, எமது வழமையான எண்ணுக்குரிய கவ்வியை முறைப்படி எடுத்து மாட்டினோம். காரின் அருகே நின்று, சேர்வோக்கள் அசைகின்றனவோ எனப் பார்க்க விசையைப் போட்டோம்.

அக்கணத்தில் வானிலிருந்தது பெரியவரின் விமானம். ஆறடி இறக்கையுடையது, தாமே வரைந்து, இரண்டு குளிர்காலங்கள் செலவிட்டுக் கட்டியது. தரையிறங்கும் பொருட்டுத் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. திடீரென நடுங்கிற்று, ஒருபுறம் புரண்டது, மூக்குக் குத்தி வீழ்ந்தது. அவ்வோசையைக் கேட்டு நாம் விசையை நிறுத்தினோம். எமக்கும் அதற்கும் தொடர்புண்டு என அப்போதும் எண்ணினோமல்லோம். எல்லாரும் ஓட, நாமும் ஓடினோம். பெரியவர் துண்டுகளைப் பொறுக்கி ஒரு சாக்கிலிட்டார். "பெறுகருவியின் மின்கலம் செத்திருக்கும்," என்றார். பிறர் ஆமென்றனர். திரும்பிக் காரடிக்கு வந்து கருவியை எடுத்து வைக்கும்போதுதான் பளிங்கின் எண் எம் கண்ணிற் பட்டது.

பளிங்கைக் கழற்றிச் சட்டைப் பையிலிட்டோம். ஒன்றும் சொல்லாது வீடு திரும்பினோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எவரும் கண்டதில்லை, எவரும் ஐயுறவுமில்லை, மின்கலத்தின் மேற் பழி போயிற்று, மின்கலத்துக்கு வலியில்லை. இவ்வாறெல்லாம் மனம் வழக்காடிற்று. ஆயினும் விடியற் பொழுதில் எம் கண்முன் வந்து நின்றது பெரியவரின் முகமன்று. கையை நீட்டியபடி நின்ற எம் வகுப்புத் தோழரின் முகம். பதினான்கு வயதில் நாம் விழுங்கிய சொல் இருபத்திரண்டு ஆண்டுகள் தொண்டையிலேயே நின்றிருந்தது என்பதை அன்று அறிந்தோம்.

இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மாலை பெரியவரின் வீட்டுக்குச் சென்றோம். அவர் கொட்டிலில் இருந்தார். மேசைமேற் பெறுகருவி துண்டு துண்டாய்ப் பிரிக்கப்பட்டுக் கிடந்தது. நாம் பளிங்கை அவர் முன் வைத்து, நடந்ததைக் கூறினோம். அவர் பளிங்கை எடுத்து எண்ணைப் பார்த்தார், நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "மின்கலத்தை ஞாயிறு மாலையே அளந்தேன், அது நன்றாயிருந்தது," என்றார். "இரண்டு இரவாக இந்தப் பெறுகருவியைக் குடைகின்றேன். ஒரு பிழையும் இல்லாத கருவி. நாளை இதனைக் குப்பையிற் போட்டுவிட்டுப் புதிது வாங்க இருந்தேன். அதன் பிறகு என் வடிவமைப்பிற்தான் பிழையென்று இறக்கையையும் மாற்றியிருப்பேன். நீர் இரண்டு நாள் முந்தி வந்திருக்கலாம்."

கோபித்திருந்தாற்கூட அத்துணை உறைத்திராது. அவர் கூறியதன் பொருளை நாம் பின்னர் பல முறை எண்ணிப் பார்த்ததுண்டு. குற்றத்தை மறைப்பவன் தன் நெஞ்சுக்கு மட்டும் தீங்கு செய்யவில்லை. உண்மைக் காரணம் மறைந்துவிட்டால், பிறர் பழுதில்லாததைப் பழுது பார்ப்பர், வளையாததை வளைப்பர். நல்ல பெறுகருவியைக் குப்பையில் எறிவர். நல்ல விரல்கள் உள்ள ஒரு பையனை ஆய்வுகூடத்துக்கு வெளியே நிறுத்துவர்.

"செவ்வாய்க்கிழமைகளில் மாலை ஓய்வுண்டோ?" எனக் கேட்டார் பெரியவர். உண்டென்றோம். அக்குளிர்காலத்துச் செவ்வாய் மாலைகள் அனைத்தும் அக்கொட்டிலில் அவருடன் கழிந்தன.

உடைந்த விமானத்தைக் கட்டியெழுப்புதல் புதியது கட்டுவதிலும் கடினம். எந்த மரநார் உள்ளே முறிந்துள்ளது என்பதை ஒவ்வொரு சட்டமாய் விரலால் அழுத்திப் பார்த்தறிய வேண்டும். மூக்குப் பகுதி முற்றாய்ச் சிதைந்திருந்தமையால் புதிதாய் ஒன்றைச் செய்தோம். இனியொரு முறை விழுந்தாலும் தாங்கட்டும் என்று தடித்த ஒட்டுப்பலகை வைத்தோம். பாரம் முன்னே சென்றுவிட்டது. வாலில் ஈயம் கட்டிச் சமன் செய்யலாம் என்றோம் நாம். "பாரத்துக்குப் பாரம் மருந்தாகாது," என்றார் அவர். இரு விரல்களில் விமானத்தை ஏந்தி நின்றபோது எமக்கு முச்சை நினைவு வந்தது. மூக்கில் எதையும் கூட்டவும் வேண்டாம், வாலில் எதையும் தொங்கவிடவும் வேண்டாம். உள்ளிருக்கும் பொருள்களை நகர்த்துவோம் என்றோம். மின்கலத்தையும் சேர்வோக்களையும் மூன்று அங்குலம் பின்னே தள்ளினோம். சமன் வந்தது. அது எங்கே கற்றதென்று கேட்டார். பட்டத்திற் கற்றோம் என்றோம்.

அவர் சிரித்து, மறுவாரம் எம்மைக் காரில் ஏற்றிக்கொண்டு ஸ்காபரோவை அடுத்த பிரொம்ப்டன் என்னும் சிற்றூருக்குச் சென்றார். சேர் ஜோர்ஜ் கெய்லி என்பார் வாழ்ந்த ஊர் அது. 1804ஆம் ஆண்டில் அவர் ஏறத்தாழ ஐந்தடிக் கோலொன்றின் மேற் பட்டமொன்றை இறக்கையாகப் பொருத்தி, பின்னே திருப்பக்கூடிய வாலொன்றை அமைத்து, நகர்த்தக்கூடிய நிறையொன்றால் அதனைச் சமன் செய்து பறக்கவிட்டார். இறக்கை, உடல், வால் என்னும் இன்றைய விமானத்தின் உருவம் முதன்முதல் அமைந்த சிற்றூர்தி அதுவே. 1853ஆம் ஆண்டில் அவ்வூர்ப் பள்ளத்தாக்கின் குறுக்கே மனிதர் ஒருவரை ஏற்றிச் சென்ற ஊர்தியும் அவர் ஆக்கியதே. "உம் ஊர்ப் பிள்ளைகள் செய்வதைத்தான் இவரும் செய்தார்; கயிற்றை மட்டும் அறுத்துவிட்டார்," என்றார் பெரியவர். ரைற் சகோதரரும் 1899ஆம் ஆண்டில் தம் இறக்கை முறுக்கும் முறையை முதலிற் சோதித்தது ஒரு பட்டத்திலேயே. பெட்டிப் பட்டத்தை ஆக்கிய அவுஸ்திரேலிய அறிஞர் ஹார்கிரேவ் 1894ஆம் ஆண்டில் அவ்வகைப் பட்டங்கள் நான்கைக் கோத்துத் தம்மையே பதினாறடி உயரத்துக்குத் தூக்கச் செய்தார். எம் வாடைக்காற்றுப் பட்டங்கள் அற்பமானவையல்ல என்ற பெருமிதத்தோடு நாம் அன்று வீடு திரும்பினோம்.

அடுத்த சித்திரையில் விமானம் ஆயத்தமாயிற்று. திடலில் எல்லாரும் கூடியிருந்தனர். ஆவணியில் நடந்தது எதுவென்பதை நாம் முன்னரே சங்கக் கூட்டத்தில் எழுந்து கூறியிருந்தோம். அதன் பயனாக, கவ்வி எடுக்கும்போது பளிங்கின் எண்ணையும் வேறொருவருக்குக் காட்ட வேண்டும் என்ற விதி அங்கே புதிதாய் அமைந்தது. பெரியவர் எந்திரத்தை முடுக்கினார்; மடல்கள் உரிய திசையில் அசைகின்றனவோ எனப் பார்த்தார். பின்பு செலுத்துகருவியை எம் கையில் தந்துவிட்டு, இரண்டடி பின்னே சென்று கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். இணைக்கும் கம்பி இல்லை. எம் விரல்கள் நடுங்கின. விமானம் ஓடிற்று, எழுந்தது, நேரே சென்றது. வலக்கோலில் இரண்டு சொடுக்குத் திருத்தம் போதுமானதாயிருந்தது.

பெரியவர் 1998ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் குடும்பத்தார் அவ்விமானத்தை எம்மிடம் ஒப்படைத்தனர். 2009ஆம் ஆண்டில் அதன் எந்திரத்தையும் எரிபொருட் கலத்தையும் கழற்றி, மின் மோட்டரும் லிதியம் மின்கல அடுக்கும் பொருத்தினோம். ஆமணக்கெண்ணெய் மணம் போயிற்று; அயலவரின் முறைப்பாடும் போயிற்று. எரிபொருள் பறக்கப் பறக்கக் குறைந்து மூக்கின் பாரத்தை மாற்றும். மின்கலமோ தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே நிறை. ஆயினும் அரைக் கிலோ மின்கலத்தை எங்கே வைப்பதென்ற கேள்வி எழுந்தது. மீண்டும் இரு விரல்கள், மீண்டும் ஒரு விரற்கடைக் கணக்கு. லிதியம் மின்கலம் அடிபட்டாலும் அளவுக்கு மிஞ்சி மின்னேற்றினாலும் தீப்பற்ற வல்லது. அதனைத் தீப்பற்றாப் பாத்திரத்தில் வைத்து, அருகிலிருந்தே மின்னேற்றுகின்றோம்.

பளிங்கும் மரக்கவ்வியும் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டன. 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் வந்த 2.4 கிகாஹேர்ட்ஸ் கருவிகள், தம்மோடு பிணைக்கப்பட்ட பெறுகருவியோடு மட்டுமே பேசும். எம்மைப் போல் மறதியாளர் ஒருவர் இன்று விசையைப் போட்டால் அயலவர் விமானம் விழாது. அது நன்றே. ஆயினும் கவ்விப் பலகையை நாம் சில வேளை நினைத்து ஏங்குவதுண்டு. பட்டத்தின் கயிற்றைக் கண்ணாற் காணலாம். எவர் கயிறு எவர் கயிற்றோடு சிக்கிற்று என ஊரே காணும். வானொலி அலையின் கயிறோ கட்புலனாகாதது. அதனை ஒருவர் அறுத்தால், அறுத்தவருக்கு மட்டுமே தெரியும். அவர் சொன்னாலன்றிப் பிறருக்குத் தெரியாது.

எமது கல்லூரியின் இன்றைய மாணவர்களுக்கு ஒரு சொல். நீங்கள் எம்மிலும் மேலான கருவிகளைக் கையாளப் போகின்றீர்கள். கணினியும் நான்கு சுழலிகளும் கொண்ட ட்ரோன்கள் உங்களுக்குப் புதுமையல்ல. எதைத் திருத்தினாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத் திருத்துங்கள். எது விழுந்தாலும், ஏன் விழுந்தது என்பதை உள்ளவாறு சொல்லுங்கள். நீங்கள் காரணமாயின், முதலில் அதனைச் சொல்லுங்கள். இதனைச் சொல்ல இரண்டு நாளும் தாமதம் என்பதை நாம் ஒரு கொட்டிலிற் கற்றோம்.

இறுதியாக, எம் வகுப்புத் தோழருக்கு. 1964இல் மழை பெய்த அந்நாளை நீர் மறந்திருக்க மாட்டீர். அன்று தராசின் கண்ணாடியை உடைத்தது எமது விமானம். எறிந்தது எமது கை. நீர் அதனை அன்றே அறிவீர். அறிந்தும் எவரிடமும் கூறவில்லை. நம் ஆசிரியரும் அன்று அங்கே நின்ற ஏனையோரும் அறியாதிருந்தனர். இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் அனைவரும் இப்போது அறியட்டும். நீர் இருக்குமிடம் எமக்குத் தெரியாது. அறுபது ஆண்டுகள் தாமதித்து வந்த இச்சொல்லை ஏற்றுக்கொள்வீராயின், மலர்க்குழுவினர் வாயிலாக எமக்கொரு வரி எழுதும். எம் கொட்டிலில் ஒரு விமானம் உண்டு. அதற்கொரு புது வால் ஒட்டியிருக்கின்றோம். பெரியவர் எமக்குச் செய்ததுபோல், செலுத்துகருவியை உமது கையில் தந்துவிட்டு இரண்டடி பின்னே நிற்க நாம் ஆயத்தமாயிருக்கின்றோம்.

வாழ்க எம் கல்லூரி அன்னை.